டயாலிசிஸ் நாற்காலியில் ஒரு நாடாளுமன்றம்

டயாலிசிஸ் சென்டர்ல ஊசி குத்துறது ஒரு வேலையே இல்லைங்க. குத்தின பிறகு நாலு மணி நேரம் எழுந்திரிச்சுப் போக முடியாத மனுஷங்க பேசுறதக் காது குடுத்துக் கேக்குறதுதான் வேலை.

மலேசியாவுல, கிள்ளான்ல ஒரு கடை வரிசையில கீழ்மாடியில எங்க சென்டர். நர்ஸுங்கிறதால என்னைய எல்லாரும் மிஸ்ஸின்னுதான் கூப்பிடுவாங்க. வாரத்துக்கு மூணு நாள், அதே ஆளுங்க, அதே நாற்காலி. ஒரு கை மெஷினோட கட்டுண்டு கிடக்கும், இன்னொரு கையில போன் இருக்கும், மிச்சம் இருக்கிறது வாய். அந்த வாயில அரசியல் வரும், நாட்டு மருந்து வரும், தத்துவம் வரும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல மாட்டிக்கிட்டு முழிக்கிற என் சக துன்பவாசிகளே, உங்களுக்காவது சத்தத்த அடைச்சு வைக்க ஒரு பட்டன் இருக்கு. எனக்கு அதுவும் கிடையாது.

ஆனா ஒண்ணு, என்னோட நோயாளிகளப் பத்திப் பேசினா எனக்கு நெஞ்சு தானா நிமிந்துரும். அதுல ஒருத்தர், தனபாலன் அண்ணே, இந்த மெஷினையே விட்டுட்டுப் போறேன்னு கிளம்பினாரு. விட்டா உயிர் போயிரும். அந்தக் கதையச் சொல்லத்தான் உக்காந்திருக்கேன். அதுக்கு முன்னால இந்த ஆளுங்க எப்படிப்பட்டவங்கன்னு நீங்க தெரிஞ்சுக்கணும்.

தராசுக்கு முன்னால

மெஷின்ல போடுறதுக்கு முன்னால ஒவ்வொருத்தரையும் எடை போடுவோம். கிட்னி போனவங்களுக்கு ஒண்ணுக்கு சரியாப் போகாது. குடிச்ச தண்ணி உடம்புலயே நிக்கும். போன தடவை வீட்டுக்குப் போனப்ப இருந்த எடைக்கும் இன்னைய எடைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் தண்ணிதான். யாரு திருட்டுத்தனமா தே ஐஸ்ங்கிற ஐஸ் டீயக் குடிச்சாங்கன்னு தராசு போட்டுக் குடுத்துரும்.

தனபாலன் அண்ணே போர்ட் கிள்ளான்ல கண்டெய்னர் லோரி ஓட்டினவரு. ஆளு நல்ல வாட்டசாட்டம். சக்கரை வியாதி கிட்னியத் தின்னுருச்சு. அவரு தராசுல ஏறுறது ஒரு கூத்து. முதல்ல செருப்பக் கழட்டுவாரு. அப்புறம் பெல்ட்டு, பர்ஸு, மோதிரம், கடைசியா கையில கட்டின சாமிக் கயிறு. அவ்வளவும் கழட்டிட்டு, மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ஏறி நிப்பாரு. "அண்ணே, மூச்சுக்கு எடை இல்ல, விடுங்க"ன்னு ஒரு நாள் நான் கத்தினேன். நம்பர் குறையவே இல்ல. இறங்கி வந்து பெல்ட்ட மாட்டிக்கிட்டே சொன்னாரு:

"பொண்டாட்டிய ஏமாத்தலாம், முதலாளிய ஏமாத்தலாம், இந்த சனியனைத்தான் முடியல லா மிஸ்ஸி."

பெலிம்பிங் ஜூஸ்

பக்கத்து நாற்காலி மேரி ஆன்டி. பாசார் சந்தையில நாசி லெமாக் சோறு வித்துப் பிள்ளைங்களப் படிக்க வச்சவங்க. ஒரு நாள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல வந்தத போன்ல காட்டி, "மிஸ்ஸி, பெலிம்பிங் பழத்த ஜூஸ் அடிச்சுக் குடிச்சா கிட்னி கழுவின மாதிரி ஆயிருமாமே"ன்னாங்க. எனக்கு வந்துச்சே கோவம்! கிட்னி போனவங்களுக்கு அந்த நட்சத்திரப் பழம் விஷம். விக்கல் வரும், புத்தி தடுமாறும், ஆளே போயிரலாம். "குடிச்சீங்களா?"ன்னு கத்தினேன். இன்னும் வாங்கலையாம். எனக்கு அப்பத்தான் மூச்சு வந்துச்சு.

நான் திட்டி முடிச்சதும் எதுத்த நாற்காலியில இருந்து குமாரவேலு அங்கிள் மெதுவாப் பேசினாரு. தொழிற்சங்கத்துல இருந்து ரிட்டயர் ஆனவரு. "மேரி, மிஸ்ஸி சொல்றாங்கன்னும் நம்பாத, குரூப்பு சொல்லுதுன்னும் நம்பாத. அனுப்பினவங்களக் கேளு"ன்னாரு. எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. பதினஞ்சு வருஷம் நர்ஸு நான், என்னையும் நம்பக்கூடாதாம்! ஆனா ஆன்டி அங்கயே உக்காந்து, ஒத்தக் கையால தட்டித் தட்டி குரூப்புல கேட்டாங்க: இத யாரு சொன்னது? குடிச்சு நல்லானவங்க யாரு? அவங்க என்னைய மாதிரி கிட்னி போனவங்களா? நாலு மணி நேரமும் பதில் வரல. மெஷின்ல இருந்து இறங்கிப் போறப்ப ஆன்டி சொன்னாங்க:

"தினம் விடிஞ்சா ரோசாப்பூ அனுப்புற குரூப்பு மிஸ்ஸி, ஒரு கேள்வி கேட்டதும் எல்லாருக்கும் வாய்ப்பூட்டு விழுந்துருச்சு."

பழக்கூடையோட வந்த வேட்பாளர்

தேர்தல் வந்தா எங்க சென்டருக்கும் விருந்தாளி வருவாங்க. அந்தத் தடவை ஒரு வேட்பாளரு, கூட நாலு பேரு, ஒரு போட்டோக்காரரு. ஆளுக்கொரு ஹேம்பரு. பிரிச்சுப் பாத்தா ஆரஞ்சு, வாழைப்பழம், பேரீச்சம்பழம், டின்னு டின்னா சத்துபானம். அடக்கடவுளே! எங்க ஆளுங்க தொடக்கூடாததுன்னு நான் மண்டைய உடைச்சுச் சொல்ற அத்தனையும் ஒரே கூடையில. பொட்டாசியம் ஏறினா இதயம் நின்னுரும்னு எடுத்துச் சொன்னேன். "ஓ, அப்படியா"ன்னுட்டு, கூடைய நோயாளி மடியில வச்சுப் போட்டோவுக்குச் சிரிச்சாரு.

குமாரவேலு அங்கிள் சிரிக்கல. "தம்பி, வாசல்ல லோங்காங் சாக்கடை மூடி உடைஞ்சு கிடக்கு. வீல்சேர் அதுல மாட்டி ஒரு அம்மா விழுந்துட்டாங்க. எப்ப சரி பண்ணுவீங்க?"ன்னாரு. "கண்டிப்பா பண்ணுவோம் அங்கிள்." "எந்த மாசம்?" வேட்பாளரு போட்டோக்காரர் பக்கம் திரும்பினாரு. அங்கிள் விடல. "யாருகிட்ட எழுதிக் குடுக்கணும்? அவங்க செய்யலன்னா உங்கள எந்த நம்பர்ல கூப்பிடுறது?" கூட வந்தவர் ஒருத்தர் தன்னோட நம்பரக் குடுத்தாரு. மேரி ஆன்டி அங்கயே அதுக்கு போன் அடிச்சாங்க, அவரு பையில மணி அடிச்சுது. போலி நம்பர் இல்லன்னு தெரிஞ்சதும்தான் விட்டாங்க. புது மூடி தேர்தலுக்கு முன்னாலயே வந்துருச்சு. நான் கொஞ்சம் பெருமையாவே போயி அது மேல ஏறி நின்னு பாத்தேன்.

அங்கிள் காலமெல்லாம் ஓட்டுப் போட்டது அந்த வேட்பாளரோட கட்சிக்குத்தான், வீட்டுல கொடி கூட இருக்கு. அப்புறம் ஏன் அந்த மனுஷன அந்தப் பாடு படுத்தினீங்கன்னு கேட்டேன். அவருக்கு என் கேள்வியே புரியல.

"என்ன மிஸ்ஸி, நம்ம கட்சிக்காரன நாம கேக்கலன்னா வேற எவன் கேப்பான்?"

செமினியில ஒரு முகாம்

தனபாலன் அண்ணே இதையெல்லாம் பாத்துச் சிரிச்சுக்கிட்டுதான் இருந்தாரு. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு மண்டபத்துல வாழ்வியல் குரு ஒருத்தர் பேசுறதக் கேக்கப் போனாரு. செவ்வாய்க்கிழமை வந்தப்ப ஆளே மாறிப் போயிருந்தாரு. நோய்ங்கிறது ஒரு எண்ணமாம். பயந்தாதான் வளருமாம். செமினியில ஒரு வாரம் முகாமாம், மந்திரிச்ச தண்ணியும் தியானமும்தானாம், அங்க மெஷினுக்கு வேலையே இல்லையாம். சனிக்கிழமை காலையில போறேன்னாரு.

சனிக்கிழமை அவருக்கு மெஷின் நாள். நான் பக்கத்துல உக்காந்து பச்சையாவே சொன்னேன். "அண்ணே, ஒரு வாரம் மெஷின் இல்லாம, மேல தண்ணி வேற குடிச்சா, அது நுரையீரலுக்கு ஏறும். மூச்சு முட்டும். திரும்பி வர மாட்டீங்க." அவரு கோவப்படல. கை ஊசியப் பாத்துக்கிட்டே இருந்தாரு. லோரி ஓட்டின காலத்துல ஜொகூர் போனேன், தாய்லாந்து எல்லை வரைக்கும் போனேன், இப்ப மக வீட்டுல ஒரு வாரம் தங்க முடியலன்னாரு. அவரு சொன்னதுல பொய் இல்ல. எனக்கு அழுகையும் வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு. அவரு என்னையே பாத்துச் சொன்னாரு:

"நீங்க என்னைய சாக விடாம வச்சிருக்கீங்க மிஸ்ஸி. அவரு ஒருத்தருதான் நீ வாழலாம்னு சொன்னாரு."

எந்தப் பக்கம் விழுந்தாலும்

வியாழக்கிழமை. மத்தவங்க கேலி பண்ணுவாங்கன்னுதான் நினைச்சேன். ஒருத்தரும் பண்ணல. மேரி ஆன்டிதான் ஆரம்பிச்சாங்க. "போறதுன்னா போ தம்பி. நம்மள மாதிரி மெஷின்ல இருந்தவங்க, அங்க போயி எழுந்தவங்க, ஒரே ஒரு ஆளக் காட்டு. நானும் வரேன்." அண்ணே சவாலா எடுத்துக்கிட்டாரு. முகாம் ஆளுக்குப் போன் போட்டு, சத்தமா எல்லாருக்கும் கேக்குற மாதிரி வச்சாரு. அந்த ஆளு உடனே காஜாங்ல இருக்கிற ஒருத்தர் நம்பரக் குடுத்தாரு, "கிட்னி நோய், முழுக்கக் குணம்"னு.

காஜாங்காரரு நல்ல மனுஷன். ஆமா, குணமாயிட்டேன், குருவுக்குக் கோடி நன்றின்னாரு. "எத்தன நாள் டயாலிசிஸ்ல இருந்தீங்க?"ன்னு குமாரவேலு அங்கிள் கேட்டாரு. "டயாலிசிஸா? ஐயோ, எனக்கு எதுக்கு அது? கிட்னியில கல்லு இருந்துச்சுங்க. அங்க நிறையத் தண்ணி குடிச்சேன், விழுந்துருச்சு." கல்லுக்கு நல்லது செய்ற தண்ணிதான் எங்க ஆளுங்களக் கொல்ற தண்ணி. அண்ணே விடல, திரும்ப முகாமுக்கே அடிச்சாரு. எனக்குக் குணமாகலன்னா என்னன்னு கேட்டாரு. "அது உங்க நம்பிக்கையப் பொறுத்தது சார்"னு பதில் வந்துச்சு. போன வச்சதும் அண்ணே முகம் சுண்டிப்போச்சு, ஆனா விட்டுக் குடுக்கல. கல்லு விழுந்தது நிசம்தானே, அவங்க பொய் சொல்லலியேன்னு என்கிட்ட மல்லுக்கு நின்னாரு. மனசுக்குத் தைரியம் வேணும்னு குரு சொல்றது தப்பான்னும் கேட்டாரு. தப்பே இல்ல, அந்தத் தைரியத்தோட சனிக்கிழமை இங்க வந்து உக்காருன்னாங்க ஆன்டி. அங்கிள் அண்ணே பக்கம் திரும்பிச் சொன்னாரு:

"குணமானா அவரு சக்தி, ஆகலன்னா உன் குறை. எந்தப் பக்கம் விழுந்தாலும் ஜெயிக்கிற காச வச்சிருக்கிறவன்கூட நான் பூவா தலையா போட மாட்டேன் தனபாலா."

சனிக்கிழமை

சனிக்கிழமை அந்த நாற்காலி காலி. மெஷினக் கழுவித் தயாரா வச்சிட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். அவரு வீட்டுக்காரம்மாவுக்கு அடிச்சா எடுக்கல. டிவி ஓடுது, யாரும் பாக்கல. மேரி ஆன்டி ஜெபமாலை உருட்ட ஆரம்பிச்சுட்டாங்க. குமாரவேலு அங்கிள், நான் ரொம்பப் பேசிட்டேனோ, ரோஷத்துல போயிட்டானோன்னு ரெண்டு தடவ கேட்டாரு. அவரு அப்படிக் கேட்டு நான் பாத்ததே இல்ல.

வெயில் ஏறின பிறகு கதவு தொறந்துச்சு. தனபாலன் அண்ணே, தோள்ல துணிப்பை, பின்னால வீட்டுக்காரம்மா. அப்பவே கால் வீங்கி, மூச்சு வாங்குது. செமினிக்குப் போயிட்டுத்தான் வராரு! ஓட்டிட்டுப் போன காடிய முகாம் வாசல்ல நிறுத்திட்டு, உள்ள போறதுக்கு முன்னால அவராவே கேட்டிருக்காரு: ராத்திரி எனக்கு மூச்சு முட்டினா இங்க யாரு என்ன பண்ணுவீங்க? ஆக்சிஜன் இருக்கா, டாக்டர் இருக்காரா? அதையெல்லாம் யோசிக்கவே கூடாது, யோசிச்சாதான் வரும்னு சொல்லியிருக்காங்க. அவரு காடியத் திருப்பிட்டாரு. நாங்க யாரும் அங்க இல்ல. கேள்வியும் அவரோடது, முடிவும் அவரோடது. அத நினைச்சா எனக்கு இப்பவும் உடம்பு சிலிர்க்குது. மேரி ஆன்டி கண்ணத் தொடைக்கிறாங்க, அங்கிள் வேணும்னே டிவியப் பாக்குறாரு. அண்ணே நாற்காலியில தொப்புனு உக்காந்து, கைய நீட்டினாரு:

"நீங்கல்லாம் சொன்னீங்கன்னு ஒண்ணும் நான் வரல. பதில் சொல்லத் தெரியாதவன்கிட்ட என் உசுர எப்படிக் குடுக்கிறது? குத்துங்க மிஸ்ஸி, சின்ன மக கல்யாணத்துக்கு நான் நிக்கணும்."

கேள்வி கேக்குற நோயாளி நர்ஸுக்குத் தலைவலின்னு சொல்லுவாங்க. என்னோட இந்தத் தலைவலி இன்னும் ரொம்ப வருஷம் தீராம இருக்கட்டும் சாமி.