ஏலக்காய் போடாத கலகலா

போடிமெட்டுச் சோதனைச்சாவடி, டிசம்பர் 1979. மலையிறங்கும் எங்கள் பஸ்ஸை நிறுத்தித் திருட்டு ஏலக்காய் தேடுகிறார்கள். பக்கத்து இருக்கைப் பெண் மடியிலிருக்கும் தகர டின்னை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். காவலர் அதைப் பிடுங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறார்.

"ஏலக்கா வாசம் தூக்குது. அடியில என்னத்த ஒளிச்சு வச்சிருக்க?"

"கிறிஸ்மஸ் பலகாரம் சார். போடியில மகளுக்குக் கொண்டு போறேன்."

அவர் டின்னைக் கவிழ்க்கிறார். மாவைச் சீப்பின் பல்லில் உருட்டிப் பொரித்த கலகலாக்கள் இருக்கையெங்கும் சிதறுகின்றன, வேறொன்றும் இல்லை. அவர் ஒன்றைக் கடிக்கிறார்.

"இதுல ஏலக்காயே இல்லையே?"

"ஏலக்கா எஸ்டேட் லைன் வீடுகள்ல யாரும் போட மாட்டோம் சார். திருடிட்டோம்னு சொல்லிருவாங்க."

"அப்ப இந்த வாசம்?"

அவள் இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முகத்தருகே நீட்டுகிறாள்.

"நாள் பூராம் காய் பறிக்கிற கை சார். இதுலதான் மாவு பிசைஞ்சேன்."