முன்வரிசையில் காஸ்பர் சார்

வஞ்சிரத்தின் செவுளை ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது நேத்து வந்தது" என்கிறார் காஸ்பர் சார். கடைக்கார முத்தம்மா மீன் மீது தண்ணீர் தெளிக்கிறார். அடுத்து சங்கரா. அதற்கடுத்து நெத்திலி. நெத்திலிக்கும் செவுள் பார்க்க சார் குனியும்போதுதான் முத்தம்மாவுக்குப் பொறுமை போகும். "இன்னா சார், தெனம் வந்து நோவு பாத்துனு போற. ஒரு நாளாச்சும் வாங்கறியா?" சார் அதற்குச் சம்பந்தமே இல்லாமல், ஆமாம், வெயில் அதிகம்தான் என்று சொல்லிவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடப்பார்.

பட்டினப்பாக்கம் மணலில் அவருக்கு வேறு வேலை இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும். நடக்க வந்த இடத்தில் நின்று அரசியல் பேசும் ஓய்வுபெற்ற அதிகாரிகளை வரிசையாக நிறுத்தி, கைகளைப் பக்கவாட்டில் தூக்க வைப்பார். படகின் மறைவில் தோளோடு தோள் சாய்ந்திருக்கும் காதலர்களையும் விடுவதில்லை. "நேரா உக்காருங்க. இந்த வயசுலயே முதுகு வளைஞ்சா அப்புறம் நிமிராது" என்பார். பையன் முறைத்துக்கொண்டு நிமிர்வான். "அதான். அப்படியே இருங்க" என்று பாராட்டிவிட்டு நகர்வார்.

வயது எழுபத்தாறு. சாந்தோம் பக்கத்தில் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்தியே பழகிய தொண்டை. "உப்பு வேணுமா?" என்று அவர் வீட்டுக்குள் கேட்டால் எதிர்வீட்டில் வேண்டாம் என்பார்கள். மனைவி ரெஜினா இறந்த பிறகு, மகள் லிண்டா அசோக் நகரிலுள்ள தன் ஃபிளாட்டுக்கு அவரைக் கூட்டிப்போனார். இரண்டாவது வாரமே பெட்டியும் கையுமாகத் திரும்பிவிட்டார். அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் நான், ஏன் சார் என்று கேட்டேன். "அங்க எல்லாம் வசதிதான். அவங்க ரெண்டு பேரும் ஆபீசுக்குப் போனப்புறம் நானும் பால்கனியும்தான். பால்கனிகிட்ட எவ்ளோ நேரம் பேசறது?"

ஆகவே அவர் மனிதர்களிடம் பேசுகிறார். எங்கள் தேவாலயப் பங்கில் ஞானஸ்நானமா, திருமண நாளா, அடக்கமா, எதையும் தவற விடுவதில்லை. இடுப்பெலும்பு முறிந்து படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால், கணுக்காலையாவது அசைக்க வைக்காமல் திரும்பமாட்டார். இத்தனைக்கும் மேலே அவருடைய உயிர் இருந்தது கோயில் பாடற்குழுவில்தான். ரெஜினாவும் அவரும் கல்யாணமான வருஷத்திலிருந்து அதில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடியவர்கள். ரெஜினா போன பிறகும் அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அவர் நின்றார்.

சென்ற ஆண்டு ஜொவிட்டா குழுவின் பொறுப்பை ஏற்றார். முறையாகச் சங்கீதம் படித்தவர், கீபோர்டு வாசிப்பார். கிறிஸ்துமஸ் பாட்டைப் பதிவு செய்து யூடியூபில் போட்டபோது, பாட்டைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை. பின்னால் கேட்கும் சத்தம் என்ன, ஜெனரேட்டரா என்று மட்டும் சிலர் விசாரித்திருந்தார்கள்.

ஜொவிட்டா நல்ல பெண். மனம் நோகாமல் சொல்ல வேண்டுமென்று பிளம் கேக் வாங்கிக்கொண்டு சார் வீட்டுக்குப் போனார். இத்தனை வருஷம் பாடிவிட்டீர்கள், இனிமேல் ரெஸ்ட் எடுங்கள் அங்கிள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் காலை, மீன் கடையிலிருந்து பால் பூத் வரை, கொயரில் நீங்கள்தான் பெஸ்ட் என்று ஜொவிட்டா கேக்கோடு வந்து சொன்னதாகச் சார் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜொவிட்டா மறுபடியும் போக வேண்டியிருந்தது. இந்த முறை வாசலில் நின்றபடியே பேசினார். இரண்டு தடவை சொல்லியும் சார் சிரித்துக்கொண்டே தலையாட்டியதால், மூன்றாம் தடவை குரலை உயர்த்தினார். "அங்கிள், நீங்க இனிமே பாட வேணாம்." தெருவில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் பெட்டியைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். மாடியிலிருந்த நானும் கேட்டேன். இந்த முறை சாருக்கும் கேட்டது. "சரிம்மா, உள்ள வா, கேக் மிச்சம் இருக்கு" என்றார். ஜொவிட்டா உள்ளே போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

அந்த வாரம் சார் வெளியே வரவில்லை. கடற்கரையில் அதிகாரிகள் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு அரசியல் பேசினார்கள். முத்தம்மா என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். "இன்னா ஆச்சு அந்தாளுக்கு? மீனுக்கு ஒடம்பு எப்படி கீதுன்னு சொல்ல ஆளில்ல." ஒரு பொட்டலம் நெத்திலியைக் கொடுத்து, காசு வேண்டாம், கொண்டுபோய்க் கொடு என்றார். நான் கொடுத்தபோது சார் சட்டையை மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தைப் பிரித்து ஒரு மீனைத் தூக்கிப் பார்த்தார். புதிது என்று ஒப்புக்கொண்டார். 

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தார். பாடற்குழு பீடத்துக்கு வலப்பக்கம் நிற்கும். சார் அந்தப் பக்கம் திரும்பாமல், முன்வரிசையில் என் பக்கத்தில் வந்து நின்றார். கீபோர்டு ஆரம்பித்தது. நுழைவுப் பாட்டின் முதல் சொல் ஜொவிட்டாவின் வாயிலிருந்து வருவதற்குள் சாரின் வாயிலிருந்து வந்துவிட்டது. குழுவில் இருந்தவரை அவர் பல குரல்களில் ஒன்று. முன்வரிசையில் அவர் குரல் ஒன்றுதான், அவருக்குப் பின்னால் முழுக் கோயிலும். ஜனங்கள் யாரைக் கேட்பார்கள்? எல்லோரும் சாரோடு போனார்கள். ஜொவிட்டா துரத்திப் பிடிக்கப் பார்த்தார். குழு மூன்றாவது அடியில் இருக்கும்போது சபை பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டது. கோபத்தில் செய்தாரா என்று பிறகு கேட்டுப் பார்த்தேன். அவருக்கு நான் எதைப் பற்றிக் கேட்கிறேன் என்றே புரியவில்லை. கொயர் இன்று நன்றாக ஒத்துழைத்தது என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஜொவிட்டா லிண்டாவுக்குப் போன் செய்தார். லிண்டா வந்து காது டாக்டரிடம் போகலாம் என்றதும் சார் மறுத்தார். "என் காது நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் யாரும் வாயைத் தொறந்து பேசறதில்ல." லிண்டா விடவில்லை. போகவில்லையென்றால் அசோக் நகருக்குப் பெட்டி கட்ட வேண்டியிருக்கும் என்றார். பால்கனியை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும், செருப்பை மாட்டிக்கொண்டார்.

கருவி பொருத்திக்கொண்டு வந்த மறுநாள் முதலில் மாட்டியவர் முத்தம்மா. சார் வழக்கம்போல் குனிந்து செவுளைத் தூக்க, முத்தம்மா வழக்கம்போல் பல்லுக்கிடையில் எதையோ முணுமுணுத்தார். சார் நிமிர்ந்தார்.

"கேக்குது முத்தம்மா."

"இன்னா கேக்குது?"

"சாவுற வயசுல செவுள் பாக்க வந்துட்டான் கெயவன்னு சொன்னது."

முத்தம்மா அவர் காதை உற்றுப் பார்த்தார். "மிசினு வெச்சிகினியா? முன்னாடியே சொல்ல வேணாமா சார்? எத்தினி வருசமா சொல்லிக்கினு கீறேன்." சார் அன்றைக்குச் சங்கரா வாங்கினார், பேரம்கூடப் பேசவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைதான் சோதனை. பாட்டு ஆரம்பித்தது, சாரும் ஆரம்பித்தார். முதல் வரி பாதியிலேயே நிறுத்தி, யார் அது என்று பார்ப்பவர்போல் திரும்பிப் பார்த்தார். மறுபடி பாடினார். மறுபடி நிறுத்தினார். அதற்குப்பின் வாயைத் திறக்கவில்லை. பூசை முடிந்து எல்லோரும் போன பிறகும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இவ்ளோ வருஷமா நான் இதையா பாடிட்டிருந்தேன்?" என்று என்னிடம் கேட்டார். அவர் தணிந்த குரலில் பேசி நான் கேட்டது அன்றுதான். "ரெஜினா பக்கத்துலயேதான் நின்னா. ஒரு நாள்கூட சொல்லலையே."

 அவங்களுக்குப் பிடித்திருந்திருக்கும் சார் என்றேன். நம்பிக்கையில்லாமல் தலையாட்டினார். ஆனாலும் வீட்டுக்கு நடக்கும்போது இரண்டு முறை தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

அதன்பிறகு பல ஞாயிறுகள் அவர் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாயை மூடி நின்றார். இப்போது எங்கே ஏறி எங்கே இறங்குவது என்று சபைக்குத் தெரியவில்லை. சாரின் குரலைப் பிடித்துக்கொண்டு போய்ப் பழகிய வயதானவர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் உதட்டை மட்டும் அசைத்தார்கள். குழு பாடியது, அழகாகப் பாடியது, கச்சேரி கேட்பதுபோல் நாங்கள் கேட்டுக்கொண்டு நின்றோம். ஜனங்கள் ஏன் பாடுவதில்லை என்று ஜொவிட்டா ஒருநாள் என்னிடம் வருத்தமாகக் கேட்டார். காரணத்தைச் சொன்னேன். 

பங்குத் திருவிழாவன்று கோயில் நிரம்பி வாசல் வரை ஆட்கள். கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்தார்கள். கீபோர்டு முன்னிசை முடிந்தது. சபையிலிருந்து முனகல்தான் வந்தது. ஜொவிட்டா வாசிப்பதை நிறுத்தினார். குழுவும் நின்றது. அவர் முன்வரிசையிலிருந்த சாரைப் பார்த்து, தன் காதைத் தொட்டு, எதையோ கழற்றிப் பைக்குள் போடுவதுபோல் கையை அசைத்துக் காட்டினார்.

சார் என்னைப் பார்த்தார். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். அவர் கருவியை மெல்லக் கழற்றினார், கைக்குட்டையில் பத்திரமாகச் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு இரண்டு தோள்களையும் பின்னுக்குத் தள்ளி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.