அக்டோபரில் மிஸ்ஸுக்கு முப்பது

கல்லூரி வாசலில் நான் ஜெராக்ஸ் கடை வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் ஒருத்திக்காகத்தான் நான் உண்மையாகக் கோபப்பட்டிருக்கிறேன். அவள் மேல் கோபம் இல்லை. அவளுக்கு வழி சொல்கிறேன் என்று வந்தவர்கள் மேல். கடைசியில் என் மேல்.

அவளை எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் வருஷம் முதல் நாள் அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது, அங்கிருந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அத்தனை பேரும் பாடம் நடத்துகிறவர்தான் வந்துவிட்டார் என்று எழுந்து நின்று 'குட் மார்னிங் மிஸ்' சொல்லிவிட்டார்கள். அவளுக்கு அப்போது இருபத்தாறு. அவள் நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் இவளும் நம்மைப் போலப் படிக்க வந்தவள் என்று அவர்களுக்குப் புரிந்தது. சிரித்துத் தீர்த்தார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அதற்கு முன் ஏழு வருஷம் ஒரு பெரிய துணிக்கடையில் வேலை. அங்கே பெண்கள் உட்காரக் கூடாது. கூட்டமே இல்லாவிட்டாலும் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். அம்மா இல்லாத வீடு. அப்பா பார்சல் ஆபீஸில் பெட்டி கட்டுகிறவர். தம்பி படிப்பை முடித்து வேலைக்குப் போன பிறகுதான் இவள் முறை வந்தது. ஆங்கிலம் எடுத்தாள். விடிந்தால் கல்லூரி, மத்தியானத்துக்கு மேல் மறுபடி துணிக்கடை.

கடைசி வருஷத் தொடக்கத்தில் ஒரு நாள் கல்லூரிப் பலகையில் ஒட்டியிருந்த ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நகல் எடுக்கச் சொன்னாள். கடல் தாண்டி ஒரு நாட்டின் அரசாங்கப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆள் எடுக்கிறார்களாம்.

"அங்க போனா உக்காந்து வேலை பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. அங்கயும் நின்னுட்டேதான் இருக்கணும். ஆனா நான் பேசுவேன், அவங்க கேப்பாங்க. துணிக்கடைல அவங்க பேசுறாங்க, நான் கேக்குறேன்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து அவள் காரியம் என் காரியம் ஆயிற்று.

காகிதத்தில் எல்லாம் இருந்தது, எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பதைத் தவிர. அதைத்தான் அவள் ஊர் முழுக்கக் கேட்டாள். துறைத் தலைவர் சொன்னார்: "முதல்ல பாஸ் பண்ணும்மா. அப்புறம் பாத்துக்கலாம்." விமான டிக்கெட் போடுகிற கடைக்காரர், "ரிசல்ட்டே வரலயே, இப்ப எதுக்கு அவசரம்?" என்றார். அவள் அப்பாவிடம் கேட்டதற்கு, "எதா இருந்தாலும் முன்னாடியே போய் நின்னுடணும்" என்றார். அவர் எட்டு மணி பஸ்ஸுக்கு ஆறரைக்கே போய் நிற்கிறவர். நாங்கள் சிரித்தோம். படித்தவர்கள் எல்லாரும் தப்பாகச் சொல்ல, பெட்டி கட்டுகிறவர்தான் சரியாகச் சொல்லியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

என் கடைக் கம்ப்யூட்டரில்தான் தேடிக் கண்டுபிடித்தாள். வருஷத்துக்கு ஒரே தடவைதான் ஆள் எடுப்பார்கள். விண்ணப்பம் நவம்பரில் தொடங்கி ஜனவரி பதினைந்தோடு முடிந்துவிடும். வேலையில் சேருவது ஆகஸ்ட். அதாவது கடைசிப் பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கும்போதே விண்ணப்பித்திருக்க வேண்டும். பாஸான பிறகு விண்ணப்பிப்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. அதோடு கீழே பொடி எழுத்தில் இன்னொன்று இருந்தது: சேருகிற நாளில் முப்பது வயது முடிந்திருக்கக் கூடாது.

"எனக்கு வர்ற அக்டோபர் வந்தா இருபத்தொன்பது. அடுத்த அக்டோபர்ல முப்பது" என்றாள்.

விரல்விட்டுக் கணக்குப் போட்டோம். படிப்பு முடிகிற வருஷத்து ஆகஸ்ட் ஒன்றுதான் அவளுக்கு. அதை விட்டால் அப்புறம் கிடையாது. துறைத் தலைவர் பேச்சைக் கேட்டிருந்தால் அதுவும் போயிருக்கும். இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லையே இத்தனை பெரிய கல்லூரியில் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விண்ணப்பத்தோடு கல்லூரிக் கடிதம் ஒன்று வேண்டும். இந்த மாணவி கடைசி வருஷம் படிக்கிறாள், ஜூனில் படிப்பை முடிப்பாள் என்று நாலு வரி. கொடுக்க வேண்டியவர் கல்லூரி அலுவலகத்துத் தலைமை எழுத்தர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'நாளைக்கு சார்'. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி இவர்தான்.

நவம்பரில் போனாள். நாளைக்கு. டிசம்பரில் போனாள். நாளைக்கு. ஒன்பது தடவை போய்விட்டு வந்து என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தவள், "போதும்க்கா" என்றாள். ஜனவரி பதின்மூன்று. நான் கடையை அப்படியே போட்டுவிட்டு அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

"ஜூன்ல முடிப்பான்னு நான் எப்படிம்மா எழுதுறது?" என்றார் அவர். "பரீட்சையே எழுதல. புள்ள பொறக்குறதுக்கு முன்னாடி பேர் வைக்கச் சொல்றீங்க."

"பேர் வைக்கச் சொல்லல சார். மாசமா இருக்கான்னு மட்டும் எழுதுங்க, போதும்" என்றேன்.

அலுவலகமே சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கையெழுத்தை வாங்கிவிட்டேன். மறுநாள், கடைசி நாளுக்கு முந்தின நாள், விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

பிப்ரவரியில் வீடியோவில் நேர்காணல். அவள் வீட்டில் அடுத்த வீட்டுச் சண்டை எல்லாம் கேட்கும். அதனால் என் கடையின் பின்னறையில், பேப்பர் கட்டுகளை ஒதுக்கி, சுவரில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி அவளை உட்காரவைத்தேன். சத்தம் வரக் கூடாது என்று மெஷின்களை எல்லாம் நிறுத்திவிட்டு, வெளியே 'மின்சாரம் இல்லை' என்று பொய்யாக எழுதி மாட்டினேன். தலைக்கு மேல் விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டே ஒரு பையன் என்னை முறைத்துவிட்டுப் போனான். அவள் பேசியது எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் துணிக்கடையில் அவள் பேசி நான் கேட்டிருக்கிறேன், அது வேறு குரல். இந்தக் குரலுக்கு யாரும் எழுந்து நிற்பார்கள்.

மார்ச்சில் மெயில் வந்தது. தேர்வாகிவிட்டாள். ஒரே ஒரு நிபந்தனை: ஜூன் முப்பதுக்குள், பட்டச் சான்றிதழின் பின்பக்கத்தில், இது அசல்தான் என்று உறுதிசெய்கிற சான்றொப்ப அலுவலகத்தின் முத்திரையை வாங்கி அனுப்ப வேண்டும். என் கடைக் காலண்டரில் ஜூன் முப்பதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன்.

அந்த வருஷம்தானா விடைத்தாள் திருத்துகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டும்? மே மாதம் வரவேண்டிய ரிசல்ட் ஜூன் பன்னிரண்டுக்கு வந்தது. அவசரச் சான்றிதழ் வேண்டும் என்று தனி விண்ணப்பம் கொடுத்தாள். இருபத்து மூன்றாம் தேதி வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அதே நாளில்தான் அவளுக்கு விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை. காலையிலிருந்து ஆஸ்பத்திரியில் வரிசை. அதனால் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து அப்பாவைக் கல்லூரிக்கு அனுப்பினாள்.

அவள் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முப்பது வருஷமாக, நனையாமல் நசுங்காமல் பொருளைக் கட்டி அனுப்புவது அவர் தொழில். வீட்டிலும் அப்படித்தான். டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, கண்ணாடிக் கூட்டுக்கு உறை, அந்த உறைக்கு மேல் ஒரு உறை. இரண்டு அட்டைகளுக்கு நடுவில் சான்றிதழை வைத்து, நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அவர் என் கடைக்கு வந்தார்.

"தங்கச்சி, பாத்தியா! பொண்ணு பேரு தங்க எழுத்துல இருக்கு!"

பார்த்தேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"லேமினேஷன் போட்டுக் குடு. கடல் தாண்டிப் போற பொருள். ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் மை கலஞ்சிடும்."

நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். ஒரு போன் போட்டிருக்கலாம். பின்பக்கத்தில் முத்திரை என்று அந்த மெயிலை அச்செடுத்துக் கொடுத்ததே நான்தான். ஆனால் யாராவது சான்றிதழ் கொண்டுவந்தால் லேமினேஷன் போடுவது என் கைக்குப் பழகிப்போன வேலை. அன்றைக்கு மனசு வேறு நிறைந்திருந்தது. எல்லாருக்கும் போடுகிற மெல்லிய ஷீட்டைக்கூட எடுக்கவில்லை. உள்ளேயிருந்து கனமான ஷீட்டை எடுத்து, இரண்டு தடவை மெஷினில் விட்டு, ஓரத்தை நேராக வெட்டிக் கொடுத்தேன். அவர் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். "இனி இதுக்கு அழிவே இல்ல" என்றார்.

இருபத்தைந்தாம் தேதி சான்றொப்ப அலுவலகத்துக்கு அவளோடு நானும் போனேன். மூன்று மணி நேர வரிசை. அப்பா உறைமேல் உறை போட்டு ஒட்டிக் கொடுத்திருந்ததை அவள் கவுன்டரில்தான் பிரித்தாள். கவுன்டரில் இருந்த அம்மாள் சான்றிதழைத் திருப்பினார், பேனாவால் இரண்டு தடவை தட்டினார்.

"இதுல எங்கம்மா சீல் வைக்கிறது? பிளாஸ்டிக்ல மை நிக்காது."

"பிரிச்சுடுறோம் மேடம்" என்றேன்.

"பிரிச்சா கிழிஞ்சிடும். கிழிஞ்சத நாங்க வாங்க மாட்டோம். புதுசு ஒண்ணு வாங்கிட்டு வாங்க." அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கல்லூரிக்கு ஓடினோம். மறுபிரதிக்கு நாற்பத்தைந்து நாள் ஆகும் என்றார் நாளைக்கு சார். இந்தத் தடவை அவர் கிண்டல் செய்யவில்லை. கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அடடா" என்று மட்டும் சொன்னார். அவர் வழக்கம்போல எரிந்து விழுந்திருந்தால்கூட எனக்குத் தேவலை என்று இருந்தது.

கடையைச் சாத்திக்கொண்டு பிரித்துப் பார்த்தோம். ஒரு மூலையை மெல்லச் சூடு காட்டி, பிளேடு விட்டுத் தூக்கினேன். பிளாஸ்டிக்கோடு காகிதத்தின் மேல்தோலும் ஓர் எழுத்தில் பாதியும் சேர்ந்து வந்தது. அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். மறுபடி அந்த மூலையை மெஷினில் விட்டு ஒட்டினேன்.

அந்த நாட்டுக்கு மெயில் எழுதினாள். மரியாதையாகப் பதில் வந்தது. ஒரு வாரம் அவகாசம் தந்தார்கள். ஒரு வாரத்தில் என்ன செய்ய முடியும்? ஜூலை ஏழாம் தேதி அவள் இடம் வேறு யாருக்கோ போயிற்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. உடைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

அவள் என்னைத் திட்டவில்லை. நான் அதற்குத்தான் காத்திருந்தேன். "ஏங்க்கா, உங்களுக்கு அறிவில்லையா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவள் கேட்டது வேறு.

"அப்பாகிட்ட சொல்லாதீங்கக்கா. அந்தப் பள்ளிக்கூடத்துல அந்த வேலையவே எடுத்துட்டாங்கன்னு சொல்லியிருக்கேன். லேமினேஷன்னாலதான்னு தெரிஞ்சா அவர் தாங்க மாட்டாரு."

உள்ளூர்ப் பள்ளிகளில் ஆசிரியர் பயிற்சிப் பட்டமும் வேண்டுமாம். அதற்கு இன்னும் இரண்டு வருஷம். அவள் துணிக்கடைக்கு முழுநேரமாகப் போய்விட்டாள். நின்றுகொண்டுதான். நான் கடையில் 'சான்றிதழுக்கு லேமினேஷன் கிடையாது' என்று எழுதி மாட்டினேன். அதைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டிக்கொண்டே எதிர்க்கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

அக்டோபர் வந்தது. அவளுக்கு முப்பது முடிந்து நாலு நாள் ஆகியிருக்கும். ஒரு காலையில் அப்பாவும் மகளும் கடைக்கு வந்தார்கள். மாடி வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்து, இவர்கள் வீட்டு பீரோவுக்குள் முழுக்கத் தண்ணீர் இறங்கிவிட்டதாம்.

"எல்லாம் போச்சு தங்கச்சி. வீட்டுப் பத்திரம், என் சர்வீஸ் புத்தகம், இவ அம்மா போட்டோ, அத்தன உறைக்குள்ள இருந்தும் எல்லாம் ஊறிப்போச்சு. ஆனா பாரு." பையிலிருந்து சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தார். "பொண்ணோடது மட்டும் ஒரு சொட்டு உள்ள போகல. அன்னிக்கு நீ கனமா ஒரு ஷீட்டு போட்டியே, அதான். நீ நல்லா இருக்கணும்."

கையெடுத்துக் கும்பிட்டார். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவள் மேசைமேல் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் இன்னொரு உறையைப் பிரித்தார். உள்ளே காய்ந்து சுருங்கிப்போன ஒரு பழைய போட்டோ.

"இவ அம்மாவோடது இது ஒண்ணுதான் மிச்சம். இதுக்கும் அதே ஷீட்டு போட்டுடு."

"போடுங்கக்கா" என்றாள் மிஸ்.

மெஷினைப் போட்டேன். சூடாக ஐந்து நிமிஷம் ஆகும். மூன்று பேரும் அப்படியே நின்றுகொண்டிருந்தோம். ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் உட்காரவில்லை.