மூன்று வேன்கள், ஒரே கட்டணம்

லோஹேகாவ் விமானப்படை நிலையத்தை ஒட்டிய சந்துகளிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேனில் ஏற்றிப் போகும் வேலையை நான் ஏறக்குறைய மூன்று வருஷம் செய்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஆரம்பித்த வேலை. என் அப்பா கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் இருந்தவர். எனக்கும் அங்கேயே வேலை கிடைத்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம். கிடைக்கவில்லை. அப்பா ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பங்கைப் போட்டு எனக்கு ஒரு பழைய வேன் வாங்கிக் கொடுத்தார். பின்சீட்டைக் கழற்றிவிட்டு எதிரெதிராக இரண்டு பெஞ்சு போட்டேன். நெருக்கி உட்கார்ந்தால் பதின்மூன்று பிள்ளைகள் கொள்ளும்.

அந்தப் பாதையில் எனக்கு முன்பே இரண்டு பேர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் லோஹேகாவ் கிராமத்திலேயே பிறந்த மராத்திக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எல்லோரும் அவரை ‘பாவு’ என்று கூப்பிடுவார்கள், மராத்தியில் அண்ணன் என்று அர்த்தம். இன்னொருவர் ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற மலையாளி. இரண்டு பேரும் ஒரு பிள்ளைக்கு மாதம் இருநூற்றைம்பது வாங்கினார்கள். நான் இருநூறு என்றேன். ஒரே வாரத்தில் வேன் நிறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த மாதம் பாவு நூற்றுத் தொண்ணூறு என்றார். மலையாளி நூற்று எண்பதுக்கு இறங்கினார். நான் நூற்று எழுபத்தைந்தில் போய் நின்றேன். அந்த வருஷம் முழுக்கப் பெற்றோர்கள் எங்களைப் பம்பரமாகச் சுற்ற வைத்தார்கள். ஐந்து நிமிஷம் தாமதமானால் மறுநாள் பிள்ளை பாவு வேனில் இருக்கும். அந்தப் பயத்திலேயே எல்லா வாசலிலும் ஐந்து நிமிஷம் முன்னதாகப் போய் நிற்பேன். பிள்ளைகள் வாந்தி எடுத்தால் முகம் சுளிக்காமல் கழுவுவேன். இப்போது யோசித்தால் அந்த ஒரு வருஷம்தான் நான் நல்ல வேன்காரனாக இருந்திருக்கிறேன். ஆனால் கையில் ஒன்றும் நிற்கவில்லை. வீட்டில் மனைவியின் அரிசிப் பானை பாதி மாதத்திலேயே அடியைக் காட்டியது.

மே மாத விடுமுறையில் பாவு எங்கள் இருவரையும் டீக்கடைக்குக் கூப்பிட்டார். மூவருக்கும் பொதுவான பாஷை இந்திதான். பாவு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “நாம மூணு பேரும் அடிச்சுக்கிறோம். அவங்க உட்கார்ந்து வேடிக்கை பாக்குறாங்க. இது புத்திசாலித்தனமா?”

பிறகு கிளாசில் விரலை நனைத்து பெஞ்சின் மேல் மூன்று கோடு இழுத்தார். கோயிலுக்கு இந்தப் பக்கச் சந்துகள் எனக்கு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அவருக்கு, மெயின் ரோட்டை ஒட்டியவை மலையாளிக்கு. ஒருவர் சந்துப் பிள்ளையை இன்னொருவர் ஏற்றக் கூடாது. ஜூன் முதல் கட்டணம் முந்நூறு. யார் வந்து கெஞ்சினாலும் முந்நூறு.

“யாராவது ஒருத்தன் குறைச்சா எல்லாம் போச்சு,” என்றார் பாவு. மூவரும் கைமேல் கை வைத்தோம். அன்று சாயங்காலம் நான் அரைக் கிலோ ஜிலேபி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தப்பு செய்கிறோம் என்று துளியும் தோன்றவில்லை. நாங்களும் பிழைக்க வேண்டாமா என்றுதான் தோன்றியது.

என் சந்தில் சேலம் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று இருந்தது. கணவர் விமான நிலையத்தில் காண்ட்ராக்டில் மூட்டை ஏற்றுபவர். அந்த அம்மா விமான் நகரில் ஓட்டல்களுக்குச் சீருடை தைக்கும் கடையில் வேலை பார்த்தார். இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் எட்டாவது, சின்னவள் இரண்டாவது. இருவரும் ஒரே பள்ளிக்கூடம், இருவரும் என் வேனில்தான்.

ஜூனில் புதுக் கட்டணத்தைச் சொன்னதும் அந்த அம்மா வாசற்படியில் அப்படியே நின்றார்.

“முந்நூறா? போன வருஷம் நூத்தி எழுபத்தஞ்சுதானே வாங்கினீங்க?”

“பெட்ரோல் ஏறிடுச்சும்மா.”

“அவ்வளவா ஏறிடுச்சு?” என்று கேட்டுவிட்டு, சற்று யோசித்து, “எனக்கு ரெண்டு பிள்ளைங்க வருதுங்க அண்ணா. ரெண்டுக்கும் சேர்த்து நானூறு வாங்கிக்கங்களேன்,” என்றார்.

“ஒருத்தருக்குக் குறைச்சா எல்லாரும் கேப்பாங்கம்மா. வேணும்னா தண்ணித் தொட்டிப் பக்கம் பாவுகிட்ட கேட்டுப் பாருங்க.”

பாவு என்ன சொல்வார் என்று தெரிந்துகொண்டேதான் அனுப்பினேன். மறுநாள் காலையில் அந்த அம்மா திரும்ப வந்தார்.

“அவரும் முந்நூறுன்னுதான் சொல்றாரு. அதுவும் இந்தச் சந்துப் பிள்ளைங்கள ஏத்த மாட்டேங்கிறாரு. மெயின் ரோட்டு வேன்காரரும் அதையே சொல்றாரு. மூணு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா அண்ணா?”

நான் குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். “அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா,” என்று டயரிடம் சொன்னேன்.

அந்த அம்மா சின்னவளை மட்டும் ஏற்றிவிட்டார். பெரியவள் மறுநாளிலிருந்து டவுன் பஸ்ஸில் போகட்டும் என்று முடிவாயிற்று. இதே போல இன்னும் இரண்டு வீடுகள் பிள்ளைகளை நிறுத்தின. பதின்மூன்று பத்தானது. முதல் மாதம் முடிந்து வந்த பணத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பதின்மூன்று பேரைத் திணித்துக்கொண்டு போனபோது கிடைத்ததைவிட, மூன்று இடத்தைச் சும்மா விட்டுப் போகும்போது அதிகம் கிடைத்தது. சத்தமும் குறைவு, சண்டையும் குறைவு. அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டால் எனக்கு ஒரு சொட்டுப் பெட்ரோல்கூடக் கூடுதலாகச் செலவாகாது. வேன் எப்படியும் அந்த வழியாகத்தான் போகிறது, அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறது. ஆனால் அவளை இறக்கிவிட்டதில்தான் என் வருமானம் இருந்தது. இதை நான் புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டு பேசாமல் இருந்தேன்.

பஸ் நிறுத்தம் என் பாதையில்தான் இருந்தது. தினமும் காலையில் பெரியவள் அங்கே நிற்பாள். வேன் வருவதைப் பார்த்ததும் சின்னவள் ஜன்னலில் ஏறி, “அக்கா! அக்கா!” என்று கத்துவாள். அவள் அக்கா கையை உயர்த்தி ஆட்டுவாள். மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து கத்தும். சின்னவளுக்குப் பக்கத்தில் பெஞ்சு காலியாக இருப்பது வெளியிலிருந்தே தெரியும். நான் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவேன்.

இரண்டு வாரம்தான் தாங்கியது. அதன் பிறகு பின்பக்க ரோட்டில் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன். அந்த வழியில் ஒன்றரை கிலோமீட்டர் அதிகம். அவளை ஏற்றினால் ஆகாத செலவு, அவளைப் பார்க்காமல் இருப்பதற்கு ஆனது.

“அங்கிள், ஏன் இந்தப் பக்கம் போறோம்?” என்று சின்னவள் கேட்டாள்.

“அந்த ரோட்டத் தோண்டிப் போட்டிருக்காங்க.”

அந்த நாட்களில் நான் சந்துக்குள் பத்து நிமிஷம் தாமதமாகப் போனாலும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி எங்கே போவார்கள்? அதையும் நான் கவனித்தேன். கவனித்துவிட்டு இன்னும் ஐந்து நிமிஷம் தூங்கினேன்.

ஜூலையில் விடாத மழை. ஒருநாள் பின்பக்க ரோடு முழங்கால் தண்ணீரில் மூழ்கிவிட்டது. வேறு வழியில்லாமல் பழைய பாதையில் போனேன். நிறுத்தத்தில் கூரை கிடையாது. பெரியவள் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். சீருடை உடம்போடு ஒட்டியிருந்தது. சின்னவள் கத்தவில்லை, அழ ஆரம்பித்துவிட்டாள்.

வேனை நிறுத்திக் கதவைத் திறந்தேன். “ஏறும்மா.”

அவள் ஏறவில்லை. “அம்மா எனக்குக் காசு கட்டலையே அங்கிள்.”

“பரவால்ல, ஏறு.”

ஏறித் தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள். பெஞ்சை நனைத்துவிடக் கூடாது என்று விளிம்பில் மட்டும் உட்கார்ந்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது, “தேங்க்யூ அங்கிள்,” என்றாள். எனக்கு மனசு லேசாகிவிட்டது. பெரிய தர்மம் செய்துவிட்டவன் மாதிரி அன்று முழுக்கத் திரிந்தேன்.

சாயங்காலமே பாவு வந்துவிட்டார். அவர் வேன் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் பார்த்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பெற்றோர் அவரிடம், “அவன் சும்மாவே ஏத்துறான், நீ ஏன் முந்நூறு கேக்குற?” என்று கேட்டுவிட்டாராம்.

“என்ன, இலவச சர்வீஸ் ஆரம்பிச்சிட்டியா?” என்றார் பாவு. “ஒரு நாள் மழைன்னு ஏத்துவே. நாளைக்கு வெயிலுன்னு ஏத்துவே. அப்புறம் மறுபடியும் நூத்தி எழுபத்தஞ்சு. வேணுமா உனக்கு?”

வேண்டாம் என்றேன். இனிமேல் நடக்காது என்றும் சொன்னேன். மறுநாள் மழை விட்டிருந்தது. பின்பக்க ரோட்டில் தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது. டயர் பாதி மூழ்கும் தண்ணீரில் அந்த வழியாகவே ஓட்டிக்கொண்டு போனேன்.

அதற்கும் மறுநாள் காலையில் சின்னவள் வேனில் ஏறியதும் என் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“அங்கிள், நேத்து நீங்க ஏன் பஸ் ஸ்டாப் பக்கம் வரல? அக்கா உங்களுக்காக வெயிட் பண்ணிட்டே இருந்தா. பஸ் வந்துச்சு, ஏறல. நம்ம வேன் வரும்னு விட்டுட்டா.”

நான் துணியை எடுத்து முன்கண்ணாடியைத் துடைத்தேன்.

“அப்புறம் அடுத்த பஸ்ல போனா. லேட்டுன்னு டீச்சர் வெளியில நிக்க வச்சுட்டாங்க. அம்மாகிட்ட சொல்லாதன்னு சொல்லியிருக்கா. நீங்களும் சொல்லாதீங்க.”

எத்தனையோ பேர் என்னை எத்தனையோ வார்த்தை திட்டியிருக்கிறார்கள். எதுவும் இந்த அளவுக்கு உள்ளே இறங்கியதில்லை. அவள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றாள். நான் வருவேன் என்று நம்பி நின்றாள்.

அந்த அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மாதக் கடைசியில் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். கையில் முந்நூறு ரூபாய். முகத்தில் கோபம் இல்லை.

“அடுத்த மாசத்துலருந்து சின்னவளும் வர மாட்டா அண்ணா. ரெண்டு பேரும் சேர்ந்தே பஸ்ல போகட்டும்.”

“ஒருத்தருக்குக் கொடுத்தா போதும்மா,” என்றேன் அவசரமாக. “ரெண்டு பேரையும் நான் கூட்டிட்டுப் போறேன். பாவு என்ன சொன்னாலும் சரி.”

பாவு பெயரை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். ஜூனில் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் அவருக்குப் பதில் கிடைத்தது.

“அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேங்க அண்ணா,” என்றார். பணத்தை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார். பணத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

எங்கள் கூட்டு ஒன்றே முக்கால் வருஷம் தாங்கியது. பிறகு விமான் நகரிலிருந்து யாரோ ஒருவர் பெரிய மினிபஸ் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். இருபத்தைந்து பிள்ளைகள், ஜன்னலுக்குக் கம்பி, ஆளுக்கு இருநூற்றிருபது. அவர் எங்களிடம் கேட்கவுமில்லை, டீக்கடைக்கு வரவுமில்லை. பத்தே நாளில் என் வேனில் மூன்று பேர் மிஞ்சினார்கள். ஒரு வீட்டில்கூட, பழகிய ஆளாயிற்றே என்று யாரும் யோசிக்கவில்லை. அவர்கள் ஏன் யோசிக்க வேண்டும்? பாவு அந்த மினிபஸ் டயரைக் கிழிக்கலாம் வா என்று எனக்கு ஆள் அனுப்பினார். நான் போகவில்லை. நல்ல எண்ணத்தால் போகாமல் இருந்தேன் என்று சொல்ல முடியாது, பயம்தான். கொஞ்ச நாள் தடுமாறிவிட்டு வேனை விற்றேன். பிறகு வாகட் பகுதியிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் காரில் டிரைவராகச் சேர்ந்தேன். இந்த வேலைக்கு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் தெரியுமா என்று முதலாளி மாதம் ஒருமுறை நினைவுபடுத்துவார்.

என் மகள் பதினொன்றாம் வகுப்பில் காமர்ஸ் எடுத்தாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது புத்தகத்தோடு வந்தாள். அவள் தமிழ் பாதி இந்தியும் இங்கிலீஷும் கலந்தது.

“பப்பா, உங்க வேன் டைம்ல காம்பெடிஷன் இருந்துச்சா? ப்ராஜெக்ட்டுக்கு ரியல் எக்சாம்பிள் லிக்னா ஹை.” எழுத வேண்டுமாம்.

இருநூற்றைம்பது எப்படி நூற்று எழுபத்தைந்தானது என்று சொன்னேன். ஐந்து நிமிஷம் முன்னதாகப் போய் நின்றதையும், மூன்று பேரும் ஒருவர் வாடிக்கையை ஒருவர் பறித்ததையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

“அப்புறம் என்ன ஆச்சு?”

“மினிபஸ் வந்துச்சு. எங்க வியாபாரம் போச்சு,” என்றேன்.

நடுவில் இருந்த ஒன்றே முக்கால் வருஷத்தைச் சொல்லவில்லை. அவள் புத்தகத்தில் அதற்கும் ஒரு பாடம் இருந்தது. விற்கிறவர்கள் கூடிப் பேசி விலை வைத்தால் வாங்குகிறவன் கதி என்ன என்று இரண்டு பக்கம். அவளே இங்கிலீஷில் உரக்கப் படித்து அர்த்தம் சொன்னாள். நான் தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். ப்ராஜெக்ட்டுக்கு நல்ல மார்க் வந்தது. அப்பா சொன்ன உதாரணத்தைத்தான் மிஸ் எல்லோருக்கும் படித்துக் காட்டினார்களாம்.

அந்தப் பெரிய பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தேடவும் இல்லை. இதையெல்லாம் தமிழில் எழுதுகிறேன். என் மகளுக்குத் தமிழ் எழுத்து கூட்டிப் படிக்கக்கூட வராது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.