அடுத்த வண்டியில் மகள்

பல்கலைக்கழகச் சாலையில் பேருந்து ஓட்டும் அவருக்கு, உடன் பணிபுரிவோர் வைத்த பெயர் 'கண்ணாடி'. தலைக்கு மேலுள்ள கண்ணாடியில் பயணிகளை அளந்துகொண்டே ஓட்டுவது அவர் வழக்கம். முதலாண்டு மாணவர்களுக்குக் காலையில் வகுப்பு, இரண்டாமாண்டினருக்கு மதியம். ஏறும் நேரத்தைக் கொண்டே யார் எந்த ஆண்டு என்று சொல்லிவிடுவார்.

இரண்டாமாண்டு படிப்பதாகச் சொல்லும் மகள் காலையிலேயே கிளம்புவது அவருக்கு உறுத்தியது. கேட்டால் நூலகம் என்றாள். நூலகத்துக்குப் போகிறவள் அப்பாவின் வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டியில் ஏறுவானேன்? முதலாண்டில் பாதிப் பாடங்களாவது தேறாதவர்கள் மேலே போக முடியாது என்று மாணவர்கள் பேசியது நினைவுக்கு வந்தது. ஒருவேளை பெயரையே நீக்கிவிட்டார்களோ?

விடுப்பு எடுத்துக்கொண்டு, அந்த அடுத்த வண்டியின் கடைசி இருக்கையில் முன்கூட்டியே போய் அமர்ந்தார். ஏறியவள் திடுக்கிட்டாள்.

"அப்பா! நீங்க எங்க இங்க?"

"நூலகத்துக்கு."

அவள் தலை கவிழ்ந்தது. "போன வருஷம் தேறலப்பா. திரும்பவும் முதலாண்டுதான். இந்தத் தடவையும் விட்டா வெளிய அனுப்பிடுவாங்க."

"இன்னும் அனுப்பலையே?"

"இல்லப்பா."

அவருக்கு மூச்சு வந்தது. உடனே மணியைப் பார்த்தார், சந்தேகம் திரும்பியது.

"இந்த வண்டி போய்ச் சேர்றதுக்குள்ள முதல் வகுப்பு பாதி முடிஞ்சிருக்குமே?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நாளையிலிருந்து என் வண்டியில ஏறு."

"கண்ணாடியில முறைச்சுக்கிட்டே வருவீங்க."

"முறைப்பேன்தான். நீ புத்தகத்தைப் பாரு."