எலிச் சத்தம் நின்ற பிறகு

ஒன்பது மாதக் குழந்தை இருக்கிற வீட்டில் எலி மருந்து வைக்க முடியாது. பசை அட்டையும் வைக்க முடியாது. எலிக்கு முன்னால் அவள் கைதான் அதில் ஒட்டும். அதனால்தான் அந்த மெஷினை வாங்கினோம். பிளக்கில் செருகினால் போதும், மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பி எலிகளை விரட்டிவிடும் என்று பெட்டியில் போட்டிருந்தது. ஓர் எலி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடுகிற படம் வேறு. அந்தப் படத்தைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல். ஆனாலும் வாங்கச் சொன்னது நான்தான்.

நசரத்பேட்டையில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே வரும் தெருவில் கடைசி அபார்ட்மெண்ட் எங்களுடையது. தரைத்தளம். சமையலறை ஜன்னலுக்கு வெளியே காலி மனை. வீடு கட்ட யாரோ இறக்கிய செங்கல், இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டு, புதர் மூடிக் கிடக்கிறது. எலிகள் அங்கிருந்துதான் வந்தன. நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். பட்டப்பகலில், மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே பரணில் தடதடவென்று ஓடும். குழந்தையின் பால் பாட்டில் நிப்பிளைக் கடித்து வைத்திருந்த அன்று உட்கார்ந்து அழுதேன்.

என் வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாஃப்ட்வேர் டெஸ்டிங். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் பிழை கண்டுபிடித்துச் சொல்லி, அதற்குத் திட்டும் வாங்குகிற உத்தியோகம். எங்கள் ஆட்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு பிழை பத்து நாள் தலைகாட்டவில்லை என்றால் ‘சரியாகிவிட்டது’ என்று எழுதி, அந்தப் பிழைக்குப் போட்ட புகார்ப் பதிவை, அதாவது டிக்கெட்டை, மூடிவிடுவார்கள். யார் சரிசெய்தது, எப்படிச் சரியானது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். நான் கேட்பேன். அதனாலேயே ஆபீஸில் என்னை யாருக்கும் பிடிக்காது. யாரும் கைவைக்காமல் மறைந்த பிழை எங்கேயும் போயிருக்காது என்று எனக்குத் தெரியும்.

ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், அரிசி டிரம்முக்குப் பின்னால் தாழ்வாக ஒரு பிளக் பாயிண்ட். கணவர் மெஷினை அதில் செருகினார். நீல விளக்கு எரிந்தது. முதல் வாரம் எலிகள் அதை மதிக்கவே இல்லை. விளக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் உருளைக்கிழங்கைக் கொறித்துப் போட்டிருந்தன.

“நல்லா வேலை செய்யுது உங்க மெஷின். எலிக்கு லைட்டு போட்டுக் குடுத்திருக்கோம்,” என்றேன்.

“கொஞ்சம் டைம் குடேன். ரெண்டு வாரம் ஆகும்னு பெட்டியிலேயே போட்டிருக்கான்ல?” என்றார் கணவர்.

இரண்டாவது வாரம் சத்தம் நின்றது. ஒரேயடியாக நின்றது. பரணில் ஓட்டம் இல்லை, மேடையில் புழுக்கை இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வாங்கிய தளத்தில் போய் ஐந்து நட்சத்திரம் போட்டேன். அபார்ட்மெண்ட் குரூப்பிலும் பெருமையாக எழுதினேன். ‘எங்கள் வீட்டிலும் எலி போய்விட்டது, உங்கள் மெஷின் சத்தம் இங்கேயும் வருகிறது போல’ என்று எதிர்வீட்டுக்காரர் பதில் போட்டுக் கும்பிட்டிருந்தார். அந்த ஒலி சுவரைத் தாண்டாது என்று நானே படித்திருந்தேன். ஆபீஸில் யாராவது இப்படி ஒன்றைச் சொல்லியிருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். வீட்டில் எனக்குத் தூக்கம்தான் தேவைப்பட்டது. டிக்கெட்டை மூடிவிட்டேன்.

எலி இருந்தவரை குழந்தையைத் தரையில் விட்டதில்லை. கட்டிலில் தலையணைகளை அணைகட்டி உட்கார வைத்திருந்தோம். இப்போது சமையலறை வரை தவழ விட்டோம். அரிசி டிரம்மைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கக் கற்றுக்கொண்டாள். நின்றதும் டிரம்முக்குப் பின்னால் எட்டிப் பார்த்து “ஆ, ஆ” என்று கூப்பிடுவாள், சிரிப்பாள். நீல விளக்கைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அதை வீடியோ எடுத்து ஊரிலிருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன்.

ஒருநாள் காலை, வேலைக்கு வரும் அக்கா சமையலறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். டிரம் பின்னாடி மெஷின் இருக்கு, தண்ணி பட்டுடப் போகுதுக்கா என்றேன்.

“எந்த மெஷினு? அந்த நீல லைட்டா? அத அப்பவே புடுங்கி மேல தட்டுல வெச்சிட்டேனேம்மா. எலியே அதும்மேல ஏறி குந்திகினு கீது, அதுக்கு எதுக்கு வெட்டியா கரண்டுன்னு.”

“எப்பக்கா?”

“புது மூட்ட அரிசி கொட்டுனோமே, அன்னிக்கி. மூணு வாரம் இருக்கும்.”

எலிச் சத்தம் நின்றது அதற்கு இரண்டு நாள் கழித்து. எனக்கு நன்றாக நினைவிருந்தது. அப்படியானால் மெஷின் ஓடிய நாளெல்லாம் எலி இருந்திருக்கிறது. மெஷினைப் பிடுங்கிய பிறகுதான் போயிருக்கிறது. வேறு ஏதோ ஒன்று அவற்றை அடக்கியிருக்கிறது. குழந்தை அப்போது டிரம்மைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தாள். ஒரே எட்டில் போய்த் தூக்கினேன். பிடுங்கிய வேகத்தில் அவள் வீறிட்டு அழுதாள்.

அக்கா டிரம்மை மெல்ல நகர்த்தினார். சுவரோரமாக, காய்ந்த வெங்காயச் சருகு நிறத்தில், என் கையைவிட நீளமாகக் கிடந்தது.

“ஐயோ, சட்ட உரிச்சிப் போட்டுகீதும்மா!” என்று அக்கா பின்வாங்கினார்.

பாம்பு பிடிப்பவர் மதியத்துக்குள் வந்துவிட்டார். ஃபிரிட்ஜ், சிலிண்டர், வாஷிங் மெஷின், பரண் என்று ஒன்று விடாமல் நகர்த்திப் பார்த்தார். சிங்க் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் கை நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது. பாம்புச் சட்டையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார்.

“நல்ல பாம்பும்மா. வளந்தது.”

“இப்ப உள்ள இருக்கா, போயிடுச்சாண்ணே?”

“எலி துன்ன வந்துச்சு. எலி தீந்துபூட்ச்சு. இன்னும் இங்க இன்னாத்துக்குக் கீது? போயிருக்கும்.”

“நிச்சயமாவா?”

“என் கண்ணுக்கு ஆப்புடல. அவ்ளோதாம்மா நான் சொல்ல முடியும்.”

தட்டில் இருந்த மெஷினைக் காட்டி, இதற்குப் பாம்பு பயப்படுமா என்று கேட்டேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. குழாய் ஓட்டையை உடனே சிமெண்ட் வைத்து அடைக்கச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே அடைத்தோம்.

அன்று மாலை அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். டிரம்முக்குப் பின்னால் விளக்கே இல்லை. இருட்டுதான். அந்த இருட்டைப் பார்த்துத்தான் என் மகள் சிரிக்கிறாள், கூப்பிடுகிறாள், கடைசியில் கையை நீட்டுகிறாள். பின்னால் நான் “லைட்டு பாக்குறியா தங்கம்” என்று கொஞ்சுகிற குரல் கேட்கிறது. அழித்துவிட்டேன். அம்மாவையும் அழிக்கச் சொன்னேன், காரணம் சொல்லவில்லை. என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சில வாரங்களில் பரணில் மறுபடி தடதடவென்று கேட்டது. எலிச் சத்தம் கேட்டு ஆனந்தத்தில் அழுத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். கணவர் கூண்டு வாங்கலாம் என்றார், வேண்டாம் என்று சண்டை பிடித்தேன். குழந்தையின் சாமான்களை டப்பாவில் போட்டு இறுக மூடுகிறேன், தரையை இரண்டு வேளை துடைக்கிறேன். எலிகள் ஓடட்டும். அவை ஓடுகிற வரைக்கும்தான் என் மகள் தரையில் தவழலாம்.

இதை எழுத உட்கார்ந்தபோது மேலே ஓடிக்கொண்டுதான் இருந்தன. இரண்டாம் பத்தி எழுதும்போதும் கேட்டது. இப்போது கொஞ்ச நேரமாகச் சத்தத்தைக் காணோம். எழுந்து போய் மகளைத் தரையிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.