கடிக்காத நாய்

எழுபதுகளின் கடைசியில், சிம்மக்கல்லில் ஒரு பல் டாக்டரிடம் இருந்த கம்பவுண்டர் அவர். அவரை நல்லவர் என்பதா, வேறு என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒட்ட வெட்டிய நரைத்த தலை. மெல்லிய குரல். காலடியில் எப்போதும் ஒரு செவலை நாய். பல் பிடுங்க வந்து அலறும் பிள்ளைகளின் மடியில் அதன் தலையை வைத்துவிடுவார். தடவத் தடவ அழுகை அடங்கிவிடும்.

என் மகளின் முறை வந்தபோது நான் தயங்கினேன். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்ட காலம் அது.

அவர் குனிந்து, "வாயத் தொற" என்றார். நாய் திறந்தது. உள்ளே ஒரு பல்கூட இல்லை, வெறும் ஈறு.

"வயசாயிருச்சாண்ணே?"

"இல்ல சார், சின்ன நாய்தான். பிள்ளைக ஆசையாத்தான் தொட்டுச்சுக. உங்கள மாதிரிப் பெத்தவங்கதான் பயந்தாங்க. டாக்டர் மயக்க ஊசி போட்டு எல்லாத்தையும் எடுத்துட்டாரு."

பேசிக்கொண்டே, பாலில் குழைத்த இட்லியை விரலால் அதற்கு ஊட்டினார்.

"வேற யாரு சொன்னாலும் தொறக்காது சார். அன்னைக்கும் நான்தான் சொன்னேன்."

பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, நாற்காலியில் இருந்த என் மகளின் மடியில் நாயின் தலையை வைத்தார்.

"வாயத் தொற, பாப்பா."

மகள் திறந்தாள். அவள் மடியில் நாயும் திறந்தது.